ஹாஜியோடு வீடு வந்த கிருமி

(பொன்விழா ஆண்டில் ஹஜ் பயணிகளுக்காக நம் சங்கம் நடத்திய விளக்கக் கூட்டத்தில், சுகாதாரக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நம் சங்கம் ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்களை உட்கார வைத்து நாலு வார்த்தை சொல்லி அனுப்புவது நம்மிடம் நெடுநாள் வழக்கம். காலுக்கு எந்தச் செருப்பு, சர்க்கரை மாத்திரையை எந்தப் பையில் வைப்பது, மினாவில் கூட்டத்தில் பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்று வழக்கமாகச் சொல்வோம். அதையெல்லாம் இன்றைக்கும் பின்னால் சொல்வார்கள். சுகாதாரக் குழுவினராகிய நாங்கள் இன்று ஒரே ஒரு விஷயத்தைப் பேச வந்திருக்கிறோம்.

ஊசி போடும் மேசையில் உட்காரும்போது ஆண்டுதோறும் எங்கள் காதில் விழும் ஒரு பேச்சு உண்டு. "எனக்கு எழுபது தாண்டிவிட்டது. மவுத்து மக்காவிலேயே வந்தால் அதைவிடப் பாக்கியம் உண்டா? விசாவுக்கு அட்டை வேண்டும் என்கிறார்கள். அட்டையை மட்டும் தந்துவிடுங்கள், ஊசி எதற்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். நாங்களும் சிரித்துக்கொண்டே ஊசியைப் போட்டு அனுப்பிவிடுவோம். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதிலை நாங்கள் இதுவரை சொன்னதில்லை. இன்று சொல்கிறோம்.

அந்த ஊசி தடுக்க முயலும் நோயின் கதை மக்காவில் முடிவதில்லை. அது வீட்டுக்கு வருகிறது. வந்ததைக் கண்டுபிடித்தவர்கள் கிருமிகளின் வம்சாவளியைப் படிக்கத் தெரிந்தவர்கள். அவர்கள் படித்த விதத்தையும், அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதையும்தான் சொல்லப் போகிறோம்.

கொஞ்சம் பின்னால் போவோம். நம் பாட்டன்மார் கப்பலில் ஹஜ்ஜுக்குப் போன காலம். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ஏறினால் இந்துமாக்கடலைத் தாண்டிச் செங்கடலுக்குள் நுழைந்ததும் கமரான் என்ற சிறு தீவில் கப்பலை நிறுத்துவார்கள். அங்கே 1882ஆம் ஆண்டு உஸ்மானிய அரசு ஒரு தொற்றுத் தடுப்பு நிலையத்தை அமைத்திருந்தது. கிழக்கிலிருந்து வரும் ஹாஜிகள் இறங்கி, துணிமணிகளை ஆவியில் காட்டி, நாட்களைக் கழித்த பிறகே ஜித்தாவுக்குப் போகலாம். காரணம் காலரா. 1865ஆம் ஆண்டு ஹஜ்ஜில் பல்லாயிரம் பேர் காலராவால் மாண்டார்கள். அந்த நோய் சூயஸ் வழியாக எகிப்துக்கும் அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் போனது. அடுத்த ஆண்டே நாடுகள் இஸ்தான்புல்லில் கூடி மாநாடு நடத்தின. அன்றுமுதல் உலகத்தின் பார்வையில் ஹாஜி என்ற சொல்லும் காலரா என்ற சொல்லும் ஒரே வரியில் எழுதப்பட்டன.

ஹஜ் முடித்து எகிப்து வழியாகத் திரும்புகிறவர்களை நிறுத்தும் இடம் சினாய் தீபகற்பத்தில் இருந்த தூர் என்ற ஊர். 1905ஆம் ஆண்டு அந்த நிலையத்தில் கோட்ஷ்லிக் என்ற மருத்துவர், அங்கே இறந்துபோன சில ஹாஜிகளின் குடலிலிருந்து ஒரு கிருமியை எடுத்தார். அவர்கள் காலராவால் இறந்தவர்கள் அல்லர். கிருமியோ பார்வைக்குக் காலராக் கிருமி மாதிரியே இருந்தது. ஒரு வேறுபாடு மட்டும் இருந்தது. இந்தக் கிருமி இரத்தச் சிவப்பணுக்களைக் கரைத்தது, பழைய காலராக் கிருமி அப்படிச் செய்வதில்லை. ஊரின் பெயரையே வைத்து அதை எல் டோர் வகை என்றார்கள். இதைக் காலராவோடு சேர்க்கலாமா வேண்டாமா என்று அரை நூற்றாண்டுக்கும் மேல் வாதம் நடந்தது. 1961ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவிலிருந்து அந்த எல் டோர் வகை கிளம்பி உலகத்தைச் சுற்றியபோது வாதம் முடிந்தது. ஏழாவது காலராக் கொள்ளைநோய் என்று சொல்லப்படும் அது இன்னும் ஓயவில்லை.

இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. ஹாஜிகளை நிறுத்தி வைத்த ஊரின் பெயர் கிருமியோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் உலகத்தைப் பிடித்த நோய் அந்த ஊரிலிருந்து கிளம்பவில்லை. 2011ஆம் ஆண்டு பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து, பல பத்தாண்டுகளில் சேகரிக்கப்பட்ட 154 காலராக் கிருமிகளின் மரபணுவை முழுவதும் படித்துப் பார்த்தார்கள். வங்காள விரிகுடாப் பகுதியிலிருந்து மூன்று அலைகளாக அது உலகெங்கும் போயிருக்கிறது என்று தெரிந்தது. ஆகவே ஒரு கிருமிக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பது வேறு, அது எங்கிருந்து வந்தது என்பது வேறு. பெயரை வைத்து எந்த ஊரையும் எந்தக் கூட்டத்தையும் குற்றம் சொல்லிவிடக் கூடாது.

சரி, ஒரு கிருமி எங்கிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் புரிகிற ஒரு வழக்கத்தை வைத்தே சொல்கிறோம்.

அச்சகம் பரவலாகாத காலத்தில் அரபுத்தமிழ்க் கிதாபுகளைக் கையால் பார்த்து எழுதிக்கொள்வார்கள். எழுதுகிறவர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் எங்காவது ஓரிடத்தில் ஒரு சொல்லை விட்டுவிடுவார். அவருடைய பிரதியைப் பார்த்து எழுதுகிறவரும் அந்தச் சொல்லை விட்டுவிடுவார், அத்தோடு தன் பங்குக்கு இன்னொரு பிழையும் செய்வார். ஐந்து பிரதிகளை அருகருகே வைத்துப் பார்த்தால், எந்தப் பிரதியைப் பார்த்து எந்தப் பிரதி எழுதப்பட்டது என்று பிழைகளே காட்டிக் கொடுத்துவிடும்.

கிருமியும் இப்படித்தான். ஒன்று இரண்டாகப் பிரியும்போது தன் மரபணுவைப் பிரதி எடுக்கிறது. நாம் இன்று பேசப்போகும் கிருமியின் மரபணுவில் ஏறக்குறைய 22 லட்சம் எழுத்துகள். எப்போதாவது ஓர் எழுத்து தவறிவிடும். தவறிய எழுத்து பிள்ளைக்கும் பேரனுக்கும் போகும். இரண்டு நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளில் எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோல இருந்தால், அவை அண்மையில் ஒரே இடத்திலிருந்து பிரிந்து வந்தவை. நூற்றுக்கணக்கில் வேறுபட்டால், பெயர் ஒன்றாக இருந்தாலும் நெருங்கிய உறவு இல்லை.

ஹதீஸ் கலையில் ஆலிம்கள் சனதைப் பார்ப்பார்கள். யார் யாரிடமிருந்து கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்களா, சந்தித்தார்களா என்று விசாரிப்பார்கள். கிருமி ஆய்விலும் அந்த விசாரணை உண்டு. மரபணு உறவை மட்டும் சொல்லும். யார் யாருக்குக் கொடுத்தார் என்பதை அறிய, யார் எப்போது எங்கே இருந்தார் என்ற விவரமும் வேண்டும். அதனால்தான் சுகாதார அமைச்சிலிருந்து தொலைபேசியில் அழைத்து, எங்கே போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள் என்று கேட்கிறார்கள்.

இனி நம் கதைக்கு வருவோம். நோயின் பெயர் மெனிங்கோகாக்கல் நோய். மூளையையும் முதுகுத்தண்டையும் சுற்றியுள்ள சவ்வைத் தாக்கும், இரத்தத்திலும் நஞ்சாகப் பரவும். காலையில் காய்ச்சல் என்று படுத்தவர் இரவுக்குள் மவுத்தாகிவிடக்கூடிய நோய் இது. சிகிச்சை கொடுத்தாலும் பத்தில் ஒருவர் வரை இறக்கிறார். பிழைத்தவர்களிலும் சிலருக்குக் காது கேட்காமல் போகும், சிலருக்குக் கைகால் விரல்களை இழக்க நேரிடும். ஆனால் இந்தக் கிருமி பெரும்பாலானவர்களிடம் எந்தத் தொல்லையும் செய்யாமல் மூக்கின் பின்புறத்திலும் தொண்டையிலும் குடியிருக்கும். பத்துப் பேரில் ஒருவர் தெரியாமலேயே சுமந்துகொண்டிருப்பார் என்பது பொதுக்கணக்கு. சுமக்கிறவர் நன்றாக இருப்பார், அவர் இருமினாலோ முத்தமிட்டாலோ இன்னொருவருக்குப் போகும். அந்த இன்னொருவருக்கு எதிர்ப்பாற்றல் இல்லையென்றால் அவர் படுத்துவிடுவார்.

இந்தக் கிருமிக்கு மேலே ஒரு சட்டை உண்டு. சட்டையின் வகையை வைத்து ஏ, பி, சி, ஒய், டபிள்யூ 135 என்று எழுத்திட்டுப் பிரிக்கிறார்கள். இது முதல் தரப் பிரிப்பு. தடுப்பூசியும் இந்தச் சட்டையைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது. ஒரு சட்டைக்கான ஊசி இன்னொரு சட்டைக்கு உதவாது.

1987ஆம் ஆண்டு ஹஜ்ஜில் ஏ வகை பரவிப் பல நாடுகளுக்கும் போனது. அதன் பிறகு சவூதி அரசு ஹஜ் பயணிகளுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. அன்றைய ஊசி ஏ, சி ஆகிய இரண்டு வகைகளுக்கானது. பதின்மூன்று ஆண்டுகள் ஹஜ்ஜில் அதுபோன்ற ஒரு பரவல் இல்லாமல் கழிந்தன.

2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஹஜ். அரஃபா நாள் மார்ச் 15. அந்த ஹஜ் முடிந்து மக்கள் ஊர் திரும்பிய சில நாட்களிலேயே ஐரோப்பாவிலும் மற்ற நாடுகளிலும் மருத்துவமனைகளுக்கு மெனிங்கோகாக்கல் நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். சட்டையைப் பார்த்தால் ஏயும் இல்லை, சியும் இல்லை. டபிள்யூ 135. அதுவரை அங்கொன்றும் இங்கொன்றுமாக மட்டுமே காணப்பட்ட வகை. உலக அளவில் 400க்கும் மேற்பட்டோர் நோய்வாய்ப்பட்டார்கள். அவர்களில் பலர் ஹஜ்ஜுக்குப் போகாதவர்கள். போய்வந்தவரின் மனைவி, பிள்ளை, பேரப்பிள்ளை, பக்கத்து வீட்டார். சிங்கப்பூரிலும் அந்த வகை நோயாளிகள் காணப்பட்டார்கள்.

சட்டை ஒன்று என்பதால் மட்டும் இவையெல்லாம் ஒரே குடும்பம் என்று சொல்லிவிட முடியாது. ஆகவே அடுத்த கட்டச் சோதனைகளைச் செய்தார்கள். ஒன்று, மரபணு இழையைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டி, மின்சாரத்தில் ஓடவிட்டு, துண்டுகள் எந்தெந்தப் பட்டைகளாக நிற்கின்றன என்று பார்ப்பது. மற்றொன்று, கிருமியின் ஏழு மரபணுக்களை மட்டும் எழுத்தெழுத்தாகப் படித்து எண் கொடுப்பது. சில மரபணுக்களை மட்டும் படிக்கும் இந்த முறையை 1998ஆம் ஆண்டு முதன்முதலில் செய்து காட்டியதே இந்த மெனிங்கோகாக்கஸ் கிருமியை வைத்துத்தான். பிரான்சின் நோயாளியும் பிரிட்டனின் நோயாளியும் சவூதியின் நோயாளியும் சுமந்தது பதினொன்றாம் எண் வகையைச் சேர்ந்த ஒரே கிளை என்று தெரிந்தது. அந்தக் கிளைக்கு ஹஜ் கிளை என்றே பெயர் விழுந்தது.

அது புதிதாகப் பிறந்த கிருமி அல்ல என்பதையும் அதே ஆய்வுகள் காட்டின. அந்த வம்சம் ஏற்கனவே பல இடங்களில் அமைதியாக இருந்ததுதான். உலகமெங்கிலுமிருந்து வந்த மக்கள் தோளோடு தோள் நின்ற அந்த நாட்களில் ஒரு கிளை நன்றாகப் பெருக வாய்ப்புக் கிடைத்தது.

அடுத்து நம் ஊரில் நடந்ததைக் கேளுங்கள். 2001ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் போன சிங்கப்பூர் ஹாஜிகளிடம் இங்குள்ள மருத்துவர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். போவதற்கு முன்பும் வந்த பின்பும் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்தார்கள். அவர்கள் வீட்டாரிடமும் எடுத்தார்கள். ஆய்வின் முடிவு 2002ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. மாதிரி கொடுத்த ஹாஜிகளில் சுமார் 15 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர், தொண்டையில் டபிள்யூ 135 கிருமியோடு திரும்பியிருந்தார்கள். பட்டைகளைப் பார்த்தால் பெரும்பாலும் அதே ஹஜ் கிளை. வீட்டாரில் சிலருக்கும் அது போயிருந்தது. சிலரிடம் மாதக்கணக்கில் தங்கியிருந்தது.

இதில் முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது. அந்த ஹாஜிகள் எல்லாரும் ஏ, சி, ஒய், டபிள்யூ 135 ஆகிய நான்கு வகைக்குமான ஊசியைப் போட்டுக்கொண்டு போனவர்கள். ஊசி அவர்களுக்கு நோய் வராமல் காத்தது. ஆனால் கிருமி தொண்டையில் வந்து குடியேறுவதை அந்தக் காலத்து ஊசி தடுக்கவில்லை. நோயில்லாமல், தெரியாமல், சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார்கள்.

நாம் ஹாஜியை எப்படி வரவேற்போம்? சாங்கி விமான நிலையத்தில் குடும்பமே நிற்கும். கட்டித் தழுவுவோம், கையில் முத்தமிடுவோம். வீட்டுக்கு வந்ததும் அண்டை அயலார் துஆ வாங்க வருவார்கள். பிறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து மடியில் வைப்பார்கள், நன்னா அள்ளி முத்தம் கொடுப்பார். ஜம்ஜம் தண்ணீர் ஒரே கிண்ணத்தில் சுற்றி வரும். இவற்றில் எது தவறு? ஒன்றும் தவறில்லை. எல்லாம் அன்பு. ஆனால் ஏழு பேரில் ஒருவர் என்ற அந்தக் கணக்கை இந்தக் காட்சிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எழுபது வயதுப் பெரியவருக்கு எங்கள் பதில் இதுதான். மக்காவில் மவுத்து வருவது உங்கள் பாக்கியமாக இருக்கலாம். ஆனால் இந்தக் கிருமி உங்களை ஒன்றும் செய்யாமல் உங்களோடு விமானம் ஏறி வந்து மடியில் கிடக்கும் பேரப்பிள்ளையிடம் போகலாம். அந்தப் பிள்ளையிடம் நாம் கேட்டுவிட்டா அதன் சார்பில் தவக்குல் வைக்கிறோம்?

கிருமியின் வகையை இனம் கண்டதால் கிடைத்த பலன்களைப் பாருங்கள். நான்கு வகைக்குமான ஊசியைச் சவூதி அரசு ஹஜ் பயணிகள் அனைவருக்கும் கட்டாயமாக்கியது. ஆப்பிரிக்காவில் இந்நோய் அடிக்கடி வரும் நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு எல்லையிலேயே கிருமிக்கொல்லி மாத்திரை கொடுக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. அதன்பின் 2000ஆம் ஆண்டில் கண்டதுபோல் ஒரு பரவல் ஹஜ்ஜில் ஏற்படவில்லை. வகை தெரியாமல் போயிருந்தால், ஊசிதான் போட்டார்களே, ஏன் வந்தது என்று குழம்பிக்கொண்டே இருந்திருப்போம்.

ஆனால் இந்த வம்சாவளி நம்மைச் சுட்டியது போலவே, இன்னொரு சமயம் நம்மை விடுவித்தும் இருக்கிறது. 2009ஆம் ஆண்டிலிருந்து பிரிட்டனில் டபிள்யூ வகை நோய் ஆண்டுக்கு ஆண்டு கூடியது. சட்டை அதே டபிள்யூ. ஏழு மரபணு எண்ணும் அதே பதினொன்று. மேலோட்டமாகப் பார்த்தால், மறுபடியும் ஹஜ் கிளைதான் என்று யாருக்கும் தோன்றும். இப்போது முழு மரபணுவையும் படிக்கும் வசதி வந்துவிட்டிருந்தது. மெனிங்கோகாக்கஸின் முழு மரபணு முதன்முதலாக வெளியானதும், பொருத்தத்தைப் பாருங்கள், அந்த 2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான். முழுவதும் படித்து மரம் வரைந்தபோது, பிரிட்டனில் பெருகியது தென்னமெரிக்காவில், பிரேசில், அர்ஜென்டினா, சிலி நாடுகளில் இருந்த கிளையோடு சேர்ந்தது. ஹஜ் கிளை தனியாக வேறு பக்கத்தில் நின்றது. 2015ஆம் ஆண்டு பிரிட்டன் தன் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு நான்கு வகை ஊசியைப் போடத் தொடங்கியது.

சட்டையோடு விசாரணையை நிறுத்தியிருந்தால் பிரிட்டனில் வாழும் முஸ்லிம்கள் செய்யாத காரியத்துக்குப் பெயர் சுமந்திருப்பார்கள். அரைகுறையாகப் படித்தால் கிருமியின் எழுத்தும் அவதூறாகிவிடும், முழுதாகப் படித்தால் சாட்சியாகும்.

நம் ஊரிலேயே இதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. 2015ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பி குரூப் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் படுத்தார்கள். அது முக்கியமாகப் பச்சிளங் குழந்தைகளைத் தாக்கும் கிருமி என்றுதான் மருத்துவ நூல்களில் இருந்தது. உணவால் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் படுத்தவர்களில் பலர் நல்ல திடகாத்திரமான பெரியவர்கள். வகை பார்த்தபோது பெரும்பாலானவை 283ஆம் எண். விசாரித்தபோது கஞ்சியோடு சாப்பிடும் பச்சை மீன். நன்னீர் மீன்களைப் பச்சையாகப் பரிமாறுவதை அரசு தடை செய்தது, நோய் அடங்கியது. யாருடைய உணவு, எந்த இனத்தாரின் பழக்கம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. மீனில் கிருமி இருந்தது, மீனை நிறுத்தினார்கள்.

கொவிட் காலத்தில் நாமெல்லாரும் டெல்டா, ஒமைக்ரான் என்று பேசிக்கொண்டிருந்தோமே, அதுவும் இந்த வம்சாவளிக் கணக்குத்தான். அந்தக் காலத்தின் ஒரு சங்கடத்தையும் இங்கே மறைக்காமல் பேச வேண்டும். 2020ஆம் ஆண்டு பிப்ரவரிக் கடைசியில் கோலாலம்பூர் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் பெரிய இஜ்திமா நடந்தது. அங்கிருந்து தொற்று பல நாடுகளுக்குப் போனது. மலேசியாவில் முதல் மாதங்களில் பெரும்பாலும் பரவியது பி.6 என்ற கிளை என்பதையும், அந்தக் கூட்டத்தோடு அதற்குத் தொடர்பு இருந்ததையும் மலேசிய ஆய்வாளர்களே மரபணுவைப் படித்துச் சொன்னார்கள். மார்ச் 13, வெள்ளிக்கிழமை, சிங்கப்பூரின் பள்ளிவாசல்கள் எல்லாம் மூடப்பட்டன. ஜும்ஆ இல்லாத அந்த வெள்ளியை நம்மில் யார் மறப்போம்?

அந்த நாட்களில் நமக்கு இரண்டு விதமான மனம் இருந்தது. நம்மைக் குற்றம் சொல்கிறார்கள் என்ற கோபம் ஒன்று, வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவோம் என்ற பயம் ஒன்று. இரண்டும் இயற்கைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். கிருமிக்கு மார்க்கம் தெரியாது. மக்கள் அன்போடு நெருங்கி உட்காரும் இடம் எதுவானாலும் அதற்கு வாசல்தான். அது பள்ளிவாசலாக இருக்கும், தேவாலயமாக இருக்கும், தங்குவிடுதியாக இருக்கும். இந்தப் பட்டியலை மறைப்பதால் யாருக்கும் பெருமை கூடுவதில்லை. மறைத்தால் அடுத்த வீட்டுக்குத் தொற்று போகும், அவ்வளவுதான். கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் நுழைவதையும் அந்த ஊரில் இருப்பவர்கள் அதைவிட்டு ஓடுவதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பதை ஆலிம்கள் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். தன்னைப் பற்றிய பயத்தைவிட அடுத்தவர் மீதான பொறுப்பைப் பெரிதாக வைக்கும் பாடம் அது.

ஓர் அச்சத்தை நீக்க வேண்டும். உங்களிடமிருந்து எடுத்த மாதிரியில் படிக்கப்படுவது கிருமியின் மரபணு. உலக விஞ்ஞானிகள் பகிர்ந்துகொள்ளும் தரவுத்தளத்தில் அந்தக் கிருமியோடு போவது எந்த நாடு, எந்த நாள் என்பது போன்ற விவரங்கள். உங்கள் பெயரோ அடையாள அட்டை எண்ணோ அல்ல.

இதெல்லாம் முடிந்த கதை என்று யாரும் எண்ண வேண்டாம். 2024ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் அமெரிக்காவில் ஐவர், பிரான்சில் நால்வர், பிரிட்டனில் மூவர் என்று பன்னிரண்டு பேருக்கு இதே மெனிங்கோகாக்கல் நோய் கண்டது. பத்துப் பேர் உம்ராவுக்குப் போய்வந்தவர்கள். இருவர் போகவே இல்லை, போய்வந்தவர்களோடு நெருங்கிப் பழகியவர்கள். பன்னிரண்டில் பத்துக் கிருமிகள் டபிள்யூ வகை. ஊசி போட்டார்களா இல்லையா என்று தெரியவந்த ஒன்பது பேரில் ஒருவர்கூடப் போட்டிருக்கவில்லை. சிலரிடம் எடுத்த கிருமி, வழக்கமாகக் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரைக்கு அடங்காததாக இருந்தது. ஹஜ்ஜுக்கு அட்டை கேட்பார்கள், உம்ராவுக்கு யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடும் பழக்கம் நம்மிடையேயும் உண்டு. ஆகவே உம்ராவுக்குப் போகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

முதலாவது, ஊசியைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். சவூதி போய்ச் சேர்வதற்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். உடல் எதிர்ப்பாற்றலைத் தயார்செய்ய அந்த அவகாசம் தேவை.

இரண்டாவது, அட்டையில் எந்த வகை ஊசி என்று எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். பழைய வகை ஊசிக்கு மூன்று ஆண்டுகள்தான் செல்லுபடி. இணைப்புவகை என்று சொல்லப்படும் புதிய ஊசிக்கு ஐந்து ஆண்டுகள். இந்தக் கிருமியின் வேறு வகைகளில், இணைப்புவகை ஊசி தொண்டையில் குடியேறுவதையும் குறைத்திருப்பது தெரிகிறது. ஆனால் ஊசி போட்டுவிட்டேன், இனி என் தொண்டையில் ஒன்றுமே இருக்காது என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டில் பச்சைக்குழந்தையோ, மண்ணீரல் எடுக்கப்பட்டவரோ, எதிர்ப்பாற்றல் குறைந்தவரோ இருந்தால், அவர்களுக்கும் ஊசி தேவையா என்று புறப்படுவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, திரும்பி வந்தபின் துஆ செய்யுங்கள், தலையில் கை வையுங்கள். ஆனால் சிறு பிள்ளைகளின் முகத்திலும் வாயிலும் முத்தமிடுவதைத் தவிருங்கள். ஜம்ஜம் தண்ணீரை ஆளுக்கொரு சிறு கோப்பையில் ஊற்றிக் கொடுங்கள். பரக்கத்து கோப்பையின் எண்ணிக்கையால் குறைந்துவிடாது. இருமல் இருக்கும்வரை முகக்கவசம் அணியுங்கள்.

நான்காவது, வீட்டில் யாருக்காவது திடீரென்று கடுமையான காய்ச்சல், தலைவலி, கழுத்தை மடக்க முடியாத விறைப்பு, வெளிச்சம் பார்க்கக் கூச்சம், கண்ணாடிக் குவளையை அழுத்தினாலும் மறையாத செந்நிறப் புள்ளிகள், இவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 995ஐ அழையுங்கள், அல்லது உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும் முதல் வார்த்தையாக, "எங்கள் வீட்டில் ஹஜ்ஜுக்கு அல்லது உம்ராவுக்குப் போய்வந்தவர் இருக்கிறார்" என்று சொல்லுங்கள். மருத்துவர் எதைத் தேட வேண்டும் என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடும். இழுப்பறையில் மிச்சமிருக்கும் மாத்திரையைக் கொடுத்துப் பார்க்காதீர்கள்.

ஐந்தாவது, யாராவது அழைத்து விவரம் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சனதில் ஒரு பெயரை மறைத்தால் தொடர் அறுந்துவிடும்.

சங்கத்தின் ஐம்பதாண்டு வரலாற்றை எழுதும் பணியில் பழைய பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம். யார் எந்த ஊரிலிருந்து வந்தார், யாருடைய மகன், யார் மூலம் சேர்ந்தார் என்று பெரியவர்கள் பொறுப்போடு எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பதிவு இல்லையென்றால் நம் வேர் நமக்கே தெரியாது. கிருமிகளுக்கும் இப்படி ஒரு பதிவேட்டை ஆய்வுக்கூடங்களில் சிலர் இரவு பகலாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது. 2001ஆம் ஆண்டு, இஹ்ராமுக்கான துணியை வாங்கி வைத்துவிட்டு, வாயைத் திறந்து தொண்டையைக் காட்டிய அந்த ஹாஜிகள் யாரென்றும் நமக்குத் தெரியாது. அவர்களில் நம் சங்கத்துப் பெரியவர்களும் இருந்திருக்கலாம். நம் பிள்ளைகள் நன்றாக இருப்பதில் அவர்களுக்கெல்லாம் பங்கு உண்டு. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக.

புறப்படுகிறவர்களே, உங்கள் ஹஜ்ஜை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. போன உடல்நலத்தோடு திரும்ப வைப்பானாக. அங்கே எங்களுக்காகத் துஆ செய்யுங்கள். இங்கே உங்கள் பேரப்பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். புறப்படும் முன் அந்த மேசைக்கு வந்து, அட்டைக்காக இல்லாமல் அவர்களுக்காக, சட்டைக் கையை மடித்துவிட்டு உட்காருங்கள். இன்ஷா அல்லாஹ், நல்லபடியாகப் போய்வாருங்கள்.

வஸ்ஸலாம்.